வாய்ப்பாட்டில் பிறந்த கவிதை: ஸ்காட்லாந்தும் நீலகிரியும்

சென்னை பரங்கிமலையில் பயிற்சி முடித்த இளம் ராணுவ அதிகாரிகள் கடைசி அடி எடுத்து வைக்கும்போது பேண்டு வாத்தியத்தில் 'ஆல்ட் லாங் ஸைன்' மெட்டு ஒலிக்கும். நீலகிரியில் வெலிங்டனிலுள்ள முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரிக்கு வருபவர்களில் பலருக்கும் அது பழகிய மெட்டு. அந்தப் பாடலை உலகறியச் செய்தவர் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் (1759–1796). ஒரு முதியவர் பாடக் கேட்டு எழுதிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஸ்காட்லாந்துக் கவிதை மரபைப் புரிந்துகொள்ள அந்த ஒரு செய்தியிலிருந்தே தொடங்கலாம்.

மூன்று மொழிகள்

ஸ்காட்லாந்துக் கவிஞர்கள் மூன்று மொழிகளில் எழுதினார்கள். மலைப்பகுதிகளிலும் மேற்குத் தீவுகளிலும் கேலிக்; சமவெளியில் ஸ்காட்ஸ்; இவற்றோடு ஆங்கிலம். 1603இல் அரசவை லண்டனுக்குப் போனது. 1707இல் நாடாளுமன்றமும் இணைந்தது. படித்தவர்களின் மதிப்பு ஆங்கிலத்துக்கே என்றான பிறகும் ஆலன் ராம்சேயும் ராபர்ட் பெர்குசனும் ஸ்காட்ஸில் எழுதினார்கள். அவர்கள் வழியில் வந்தவர் பர்ன்ஸ். ஆறு அடிகளில் நான்காவதும் ஆறாவதும் குறுகி நிற்கும் பழைய செய்யுள் வடிவத்தை எடுத்துக்கொண்டு, உழும்போது தன் ஏர் கலைத்துவிட்ட எலி வளையைப் பற்றிப் பாடினார். உழவன் பேச்சிலேயே உயர்ந்த கவிதை எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி. பின்னாளில் ஸ்காட்ஸில் ஹ்யூ மக்டியார்மிட்டும் கேலிக்கில் சோர்லி மக்லீனும் 20ஆம் நூற்றாண்டுக் கவிதையை எழுதிக் காட்டினார்கள்.

கதைப்பாடல்கள்

இந்த மரபின் அடித்தளம், எல்லைப்புறக் கிராமங்களில் வாய்மொழியாக வந்த கதைப்பாடல்கள்: போர், மாட்டுக் கொள்ளை, காதல், ஆவிகள். வால்டர் ஸ்காட் அவற்றைத் திரட்டி 1802–03இல் அச்சிட்டார். அவருக்குப் பாடிக் காட்டியவர்களில் ஒருவர், ஆடு மேய்த்தபடியே கவிஞரான ஜேம்ஸ் ஹாக்கின் தாய் மார்கரெட் லெய்ட்லா. பாடுவதற்கென்று இருந்ததைப் படிப்பதற்கென்று ஆக்கிக் கெடுத்துவிட்டீர்களே என்று அந்த அம்மாள் ஸ்காட்டிடமே குறைப்பட்டுக்கொண்டாராம். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனாலும் அச்சில் ஏறியதால்தான் அந்தப் பாடல்களில் பல நம் காலம்வரை வந்திருக்கின்றன.

சென்னைக்கு வந்த கவிஞர்

அந்தத் தொகுப்பில் ஸ்காட்டுக்கு வலக்கையாக இருந்தவர் ஜான் லெய்டன். 1775இல் டென்ஹோம் என்ற எல்லைப்புறச் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அவசரமாக மருத்துவப் பட்டம் பெற்று, 1803இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னையில் வந்து இறங்கினார். பிறகு மைசூர் நில அளவைக் குழுவோடு போனார். ஆர்தர் வெல்லெஸ்லி 1799இல் போரிட்ட ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நோயில் விழுந்தார். ஜகதளா என்ற படகர் ஊரின் பெயரால் அறியப்பட்ட ராணுவக் குடியிருப்புக்குப் பின்னாளில் வெலிங்டன் என்று பெயர் வந்தது அந்த வெல்லெஸ்லியால்தான். அவரே வெலிங்டன் பிரபு.

மலபாரில் இருந்தபோது லெய்டன் ஒரு பொற்காசை முன்னிலைப்படுத்திக் கவிதை எழுதினார். பொருள் தேடி ஊரையும் அன்புக்குரியவளையும் விட்டு வந்தவனின் கசப்பு அதில் இருக்கிறது. பொருள்வயிற் பிரிவைச் சங்கப் பாடல்களில் படித்த தமிழர்களுக்கு அந்த மனநிலை அந்நியமல்ல. 1811இல், 36 வயது நிறைவதற்குள், ஜாவாவில் காய்ச்சலுக்குப் பலியானார்.

இந்த மலையின் பாடல்கள்

லெய்டன் தன் ஊரில் திரட்டியது போன்ற வாய்மொழிச் செல்வம் நீலகிரியிலும் உண்டு. அதைப் பெருமளவில் பதிவு செய்தவர் எம்.பி. எமனோ. கனடாவில் 'புதிய ஸ்காட்லாந்து' என்று பெயர்பெற்ற நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். தாமஸ் பரோவுடன் சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பு அகராதியை உருவாக்கியவர். 1930களில் இங்கே தங்கித் தோடர், கோத்தர், படகர் மொழிகளை ஆராய்ந்தார். அவர் திரட்டிய தோடர் பாடல்கள் 1971இல் நூலாயின.

தோடர் பாட்டின் இலக்கணம் கறாரானது. ஒரு கூற்று வந்தால், அதே அமைப்பில் அதற்கு இணையான இன்னொரு கூற்றும் வர வேண்டும். எருமை, மந்து என்னும் தோடர் குடியிருப்பு, உறவுமுறை என ஒவ்வொன்றுக்கும் வழிவழியாக வந்த இணைத் தொடர்கள் உண்டு. அவற்றைக் கற்றவர்கள் புதிய நிகழ்ச்சிகளைப் பற்றி அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுவார்கள். படகர்களிடமும் ஹெத்தை அம்மனின் வரலாற்றையும் முன்னோர் கதைகளையும் சொல்லும் பாடல்கள் இருக்கின்றன.

ஸ்காட்லாந்தின் கவிதை பிழைத்தது, பாடத் தெரிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுத ஆள் இருந்ததால். லெய்டனுக்குத் தாளும் மையும்தான் இருந்தன. நம் கையில் ஒலியையே பிடித்து வைக்கும் கைபேசி இருக்கிறது. குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கம் உங்கள் வீட்டில் பாடத் தெரிந்த பாட்டி, தாத்தா இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு பாட்டைப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், நாள், யாரிடம் கற்றார் என்பதையும் கூடவே எழுதி வையுங்கள். அதை இந்த ஆண்டே செய்யுங்கள்.