சுவாமிகள் எழுதாமல் விட்ட வேஷம்

மேடைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தவர்களுக்கு ராஜா கிடைப்பார், ராணி கிடைப்பார், வேலோடு முருகனே கிடைப்பார். மேடைக்குப் பின்னால் போய்க் கீற்றுத் தட்டியை ஒரு விரற்கடை விலக்கி எட்டிப் பார்ப்பவர்களுக்கு மட்டும் இன்னொருவர் கிடைப்பார். ஒரு கன்னத்தில் ரோஸ் பவுடர் ஏறியாகிவிட்டது. மறு கன்னம் இன்னும் சொந்தக் கன்னமாகவே இருக்கிறது. வாயில் பாட்டு, காலில் தாளம், பல்லில் கடித்தபடி ஒரு ஊக்கு. இன்னும் கால் மணி நேரத்தில் ஊரையே சிரிக்க வைக்கப்போகும் இவர்தான் பபூன்!

சிரிப்பு நடிகர், பாடகர், ஆட்டக்காரர், கூட்டத்தைக் கட்டிப்போடும் மேஸ்திரி என நாலு வேலையையும் ஒரே ஆளாக இழுத்துப் போட்டுச் செய்யும் இந்த அதிசயப் பிறவியை, அரிதாரம் பூசும் இடத்திலேயே வைத்துப் பிடிப்போம், வாருங்கள். அதற்கு முன்னால் புதுச்சேரியில் ஓர் இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட வேண்டும். வாத்தியாருக்கு வணக்கம் வைக்காமல் எந்த நாடகக்காரரும் மேடை ஏறமாட்டார். நமக்கு மட்டும் என்ன விதிவிலக்கு?

கருவடிக்குப்பத்து வாத்தியார்

கருவடிக்குப்பம் என்றதும் பாரதி அன்பர்களுக்குக் குயில் தோப்பு ஞாபகம் வரும். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த பாரதி, சித்தானந்த சுவாமி கோயிலை ஒட்டிய அந்தத் தோப்பில் உலாவித்தான் குயிலைப் பாட்டுக்குள் கொண்டுவந்தார் என்பது ஊர்ப் பேச்சு. நாடகக்காரர்களுக்கோ கருவடிக்குப்பம் என்றால் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்தான். அவருடைய நினைவிடம் அங்கேதான் இருக்கிறது.

1867-ல் தூத்துக்குடிச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் புதுச்சேரி மண்ணுக்கு எப்படி வந்தார்? நாடகக் கம்பெனியோடுதான். 1918-ல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’யைத் தொடங்கினார். நடிகர்கள் அத்தனை பேரும் பொடிப் பையன்கள். பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று தமிழ்நாடே கொண்டாடிய அண்ணன் தம்பிகளும் அந்தப் பையன்களில் அடக்கம். ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போடும் கம்பெனி புதுச்சேரிக்கு வந்தபோது, சுவாமிகள் ஏற்கெனவே பக்கவாதத்தில் விழுந்திருந்தார். பேச்சால் வாழ்ந்தவருக்குப் பேச்சே தடைபட்ட காலம் அது. 1922 நவம்பர் 13 அன்று இங்கேயே கண்மூடினார். இன்றும் அந்தத் தேதி வந்தால் நாடகக் கலைஞர்கள் கருவடிக்குப்பத்தில் கூடி மாலை போட்டு வணங்குகிறார்கள். புதுவைப் பல்கலைக்கழகம் நாடகம் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளி தொடங்கியபோதும் சுவாமிகள் பெயரைத்தான் அதற்கு வைத்தது. அதை உருவாக்கி நடத்தியவர் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி.

சுவாமிகளின் மேடைப் பின்புறக் கதைகள் கேட்கக் கேட்கத் தித்திக்கும். ஆரம்பத்தில் அவரே நடிகர். எமன், சனீஸ்வரன் மாதிரி பயங்கர வேஷங்கள் கட்டுவாராம். ஒரு விடியற்காலையில் வேஷம் கலைக்க நீர்நிலைக்குப் போனவரைப் பார்த்த ஒரு பெண் அதிர்ச்சியில் உயிரையே விட்டுவிட்டாள் என்றும், அன்றோடு அவர் வேஷம் கட்டுவதைக் குறைத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். வேஷத்தை விட்ட கை பேனாவைப் பிடித்தது. ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘கோவலன்’ என்று நாடகங்கள் வரிசைகட்டின. ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதி முடித்தாராம். அடித்தல் திருத்தல் இல்லாமல் என்று வேறு சொல்கிறார்கள். ஒரு கடிதம் எழுதவே நாலு தாள் கிழிக்கும் நமக்கு வயிறு எரியத்தான் செய்யும்!

இப்படி எழுதித் தள்ளிய கை ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் தாராளமாக இடம் விட்டது. கதாநாயகனான ராஜபார்ட்டுக்குப் பாட்டும் வசனமும் உண்டு. கதாநாயகியான ஸ்திரீபார்ட்டுக்கும் உண்டு. நாரதருக்கு வேண்டிய மட்டும் உண்டு. இன்று கம்பெனி இல்லாமல் ஆளாளுக்குத் தனியாக வந்து சேர்ந்து ‘ஸ்பெஷல் நாடகம்’ போடுகிறவர்களும் சுவாமிகளின் பாட்டுகளைத்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டு மேடை ஏறுகிறார்கள். பபூனுக்கு மட்டும் ஏடு கிடையாது. அவர் வாய்தான் ஏடு.

தட்டிக்குப் பின்னால் தகரப் பெட்டி

இப்போது தட்டியை விலக்கலாம். ஸ்பெஷல் நாடகத்தின் ராஜ்யம் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம். அங்கே கோயில் திருவிழா என்றால் விடிய விடிய நாடகம். நம்பினால் நம்புங்கள், இந்த நாடகத்துக்கு ஒத்திகை என்பதே கிடையாது! இயக்குநரும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊரிலிருந்து வருவார். தேதி பேசி, முன்பணம் வாங்கி, நோட்டீஸில் போட்டோ அச்சாகி, ஆளாளுக்குத் தனித்தனியாக பஸ் பிடித்து வந்து இறங்குவார்கள். அன்றைய கணவனும் மனைவியும் முதன்முதலாக முகம் பார்த்துக்கொள்வது இந்தக் கொட்டகைக்குப் பின்னால்தான் என்றாலும் ஆச்சரியமில்லை. கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டு எல்லோருக்கும் பாடம். மிச்சத்தை மேடை பார்த்துக்கொள்ளும்.

குறுக்கே ஒரு புடவையைக் கட்டினால் இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். அவரவர் பெட்டி, அவரவர் கண்ணாடி, அவரவர் பவுடர். ராஜபார்ட்டின் பெட்டியில் ஜிகினா உடுப்பும் கிரீடமும் பளபளக்கும். பபூனின் பெட்டியைத் திறந்தால் ஒரு கோமாளிச் சட்டை, கழுத்துக்கு ஒரு கைக்குட்டை, கறுப்பு மை, அவ்வளவுதான். ஆனால் அவசரம் அவருக்குத்தான் அதிகம். ராஜா நள்ளிரவுக்கு மேல் வந்தால் போதும். பபூன் பத்து மணிக்கே நின்றாக வேண்டும். ராஜபார்ட் வரவேண்டிய பஸ் வழியில் நின்றுவிட்டதா? ‘பபூன் அண்ணே, இன்னும் அரை மணி நேரம் இழுங்கண்ணே’ என்று திரைக்குப் பின்னாலிருந்து கிசுகிசுப்பு வரும். அண்ணனும் இழுப்பார். முன்னால் இருக்கும் கூட்டத்துக்குக் காரணம் தெரியவே தெரியாது!

பத்து மணிக்கு ஒரு கும்பிடு

மேடையின் ஓரத்தில் பக்கவாத்தியம். கால் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக். இவற்றோடு ‘ஆல்ரவுண்ட்’ என்று ஒருவர் இருப்பார். மணி, ஜால்ரா, கட்டை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தட்டி, அடி விழுந்தால் அடிச் சத்தமும் இடி விழுந்தால் இடிச் சத்தமும் கொடுப்பது அவர் பொறுப்பு. பபூன் ஒரு ஜோக்கை முடிப்பதற்கும் மிருதங்கத்தில் ‘தொம்’ என்று ஒரு அடி விழுவதற்கும் நடுவே ஒரு மூச்சுகூட இடைவெளி இருக்காது. இத்தனைக்கும் இருவரும் அன்று சாயங்காலம்தான் சந்தித்திருப்பார்கள்.

பபூன் ஓடிவருவார், சபைக்குப் பெரிய கும்பிடு போடுவார், ஒரு பாட்டு எடுப்பார். குரல் கணீரென்று இருக்க வேண்டும். பாடத் தெரியாத பபூனுக்கு இந்த மேடையில் பிழைப்பு இல்லை. பாட்டு முடிந்ததும் பேச்சு. பேச்சு எங்கே போகிறது என்று கவனித்தால் ஒரு தொழில் ரகசியம் பிடிபடும். நாகரிகமான பேச்செல்லாம் நேராகச் சபையைப் பார்த்து வரும். கொஞ்சம் அப்படி இப்படியான பேச்சு வருகிறதா, உடனே பபூன் பக்கவாட்டில் திரும்பிக்கொள்வார். ஆர்மோனியக்காரரிடமும் மிருதங்கக்காரரிடமும் ‘ஏண்ணே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன்’ என்று ஆரம்பிப்பார். மைக் மட்டும் வாயருகிலேயே இருக்கும்! சபையில் தாய்மார்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லையே. நண்பர்களோடு பேசிக்கொண்டதைச் சபை ஒட்டுக்கேட்டால் அவர் என்ன செய்வார்? மரியாதையும் காப்பாற்றியாயிற்று, சிரிப்பும் கிடைத்தாயிற்று.

அடுத்து டான்ஸ் வேஷக்காரப் பெண் சலங்கையோடு வருவார். பபூனுக்கும் அவருக்கும் மோதல், கேலி, எசப்பாட்டு, கடைசியில் காதல். சில இடங்களில் புருஷன் பெண்டாட்டி சண்டையான ‘அடிபிடி’யும் உண்டு. இத்தனையும் முடிந்து கூட்டம் நன்றாகச் சூடேறிய பிறகுதான் வள்ளியும் முருகனும் வருவார்கள். சூடேற்றிய ஆளை நோட்டீஸில் தேடினால், பெரும்பாலும் ராஜபார்ட்டின் படத்துக்குக் கீழேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

புதுச்சேரிப் பக்கத்துப் பங்காளி

புதுச்சேரிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பக்கத்து மண்ணில் பபூனின் வேலையை நெடுங்காலமாகப் பார்த்து வருபவர் தெருக்கூத்தின் கட்டியக்காரன். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும்போது பாருங்கள். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் துரியோதனன் புஜக்கீர்த்தியும் கிரீடமும் சுமந்து உறுமிக்கொண்டிருப்பான். அந்த மகா சக்கரவர்த்தியைப் பார்த்து, ‘யாருய்யா நீ, எந்த ஊரு, எதுக்கு வந்தே?’ என்று கேட்கும் தைரியம் கட்டியக்காரனுக்கு மட்டும்தான் உண்டு. பதில் சொல்லாமல் சக்கரவர்த்தி உள்ளே வர முடியாது!

ராஜாவுக்குச் சேவகன், தூதன், தேரோட்டி, தேவைப்பட்டால் ஊர்க்காரன் என்று எல்லாமாகவும் அவனே மாறுவான். பின்பாட்டுக்குக் குரல் கொடுப்பான். புராணக் கதைக்கு நடுவில் ஊர் ரோட்டையும் ரேஷன் கடையையும் உள்ளே நுழைப்பான். துரியோதனனுக்கு ஒரு வேஷம். கட்டியக்காரனுக்கு ராத்திரி முழுக்க வேஷம்.

தின்பண்டம் விற்ற பையன்

சுவாமிகள் மறைந்து மூன்று வருஷம் கழித்து, 1925-ல், அவருடைய மாணவர்களான டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில் ஒரு நாகர்கோவில் பையன் சேர்ந்தான். 1908-ல் ஒழுகினசேரியில் பிறந்தவன். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றுக்கொண்டே மேடையை வேடிக்கை பார்த்தவன். வில்லுப்பாட்டு கைவந்தவன். பெயர் கிருஷ்ணன். ஆமாம், நம் கலைவாணர் என்.எஸ்.கே.தான்!

எழுதிக்கொடுக்காத வேஷத்தைத் தானே எழுதிக்கொள்ளும் அந்த மேடைப் பழக்கத்தை அவர் அப்படியே சினிமாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். 1935-ல் ‘மேனகா’, 1936-ல் ‘சதி லீலாவதி’ என்று தொடங்கி, கதை ஒரு பக்கம் போக, தன் சிரிப்புக் காட்சிகளைத் தன் குழுவோடு தானே தயார் செய்தார். ஜோடிக்கு டி.ஏ.மதுரம். பாட்டும் அவர்களே பாடினார்கள். கதைக்குத் தனி ராஜபார்ட், சிரிப்புக்குத் தனி ஜோடி என்ற இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று இனி சொல்லவும் வேண்டுமா? பத்து மணி பபூனும் டான்ஸும்தான் வெள்ளித்திரைக்குக் குடிவந்தார்கள். தமிழ்ப்படங்களின் ‘காமெடி டிராக்’ ரிஷிமூலம் இதுதான். 1949-ல் அண்ணா எழுதிய ‘நல்லதம்பி’யில் என்.எஸ்.கே. நடத்தும் கிந்தனார் காலட்சேபத்தை இன்று போட்டுப் பாருங்கள். நந்தனார் கதை சொல்லும் பாணியிலேயே, சேரிப் பையன் படித்து முன்னேறும் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். முடிக்கும்போது கேட்டவர் மனசில் பள்ளிக்கூடம் நிற்கும்.

சுவாமிகளின் தூத்துக்குடிச் சீமையே 1927-ல் இன்னொருவரையும் தந்தது. கொழும்பில் வளர்ந்த ஜே.பி.சந்திரபாபு. விழுந்து புரண்டு சிரிக்க வைப்பார், தன் பாட்டைத் தானே பாடுவார், மேல்நாட்டு யோடலிங்கைத் தமிழுக்குப் பழக்கியவரும் அவர்தான்.

கடல் தாண்டினாலும் இதே ஜாதகம்தான். இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட்டில் பாட்டுக்காரத் தாய்க்கு மேடையில் குரல் கட்டிப்போனபோது, ஐந்து வயதில் அவளுக்குப் பதிலாக நின்று பாடிய லண்டன் பையன் சார்லி சாப்ளின். பிறகு ஃப்ரெட் கார்னோவின் நாடகக் கம்பெனியில் ஊர் ஊராகச் சுற்றித் தேறினார். தன் படங்களுக்குத் தானே இசையமைத்தார். போட்டியில் வென்று அவர் வாங்கிய ஆஸ்கார் எதற்குத் தெரியுமா? ‘லைம்லைட்’ படத்தின் இசைக்கு, 1973-ல்! அதுவும் வயதாகிப்போன ஒரு மேடைக் கோமாளியின் கதை.

புதுச்சேரியோ, மதுரையோ, லண்டனோ, சிரிக்க வைக்கிறவனுக்குச் சிரிக்க வைப்பது மட்டும் தெரிந்தால் போதாது. பாட வேண்டும், ஆட வேண்டும், அடுத்தவர் வசனமும் தெரிந்திருக்க வேண்டும், பஸ் நின்றுபோனால் அரை மணி நேரம் இழுக்கவும் வேண்டும். ராஜபார்ட் ஒருநாள் சொதப்பினால் கதை காப்பாற்றிவிடும். பபூன் சொதப்பினால் காப்பாற்ற ஒன்றுமே இல்லை. அந்த மேடையிலேயே கஷ்டமான வேஷம் அவருடையதுதான்.

ஆகவே வாசகர்களே, உங்கள் ஊர்த் திருவிழாவில் நாடகமோ கூத்தோ என்று நோட்டீஸ் கண்ணில் பட்டால், ‘ராஜா வர எப்படியும் பன்னிரண்டு ஆகும், சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் போகலாம்’ என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். பத்து மணிக்கே போய் முன்வரிசையில் இடம் பிடியுங்கள். முதல் கைத்தட்டல் பபூனுக்குப் போய்ச் சேரட்டும்!