வீரன் மறைந்தால் கேடயம் யாருக்கு?

நேயர்களே, காவியங்களில் தலைவன் இறந்தால் கதை முடிந்துவிடும். ஏட்டைக் கட்டி வைத்துவிடலாம். ஆனால், மாதந்தோறும் கடைக்கு வரும் சித்திரக்கதைச் சஞ்சிகைக்கு அந்த வசதி கிடையாது. அதன் வீரன் இறந்தாலும் அடுத்த மாத இதழ் வந்தே ஆகவேண்டும். அட்டையில் அதே பெயர் இருக்கவேண்டும். அப்படியானால் அந்தப் பெயருக்குரியவனாக யாரை நிறுத்துவது?

இதற்கு அமெரிக்கச் சித்திரக்கதைகள் கண்ட விடைதான் வாரிசு. வீரன் இறந்துவிட்டான் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அவனுடைய பெயரையும் உடையையும் இன்னொருவன் ஏற்கிறான். சில காலத்தின் பின் பழையவன் திரும்பி வருகிறான். 1992இல் சுப்பர்மேன் இறந்தபோது, அடுத்த ஆண்டில் நால்வர் அந்த இடத்துக்கு வந்தனர். 2009இல் பட்மேனின் முகமூடியை அவருடைய பழைய சீடனே அணிந்தான்.

சிறுவர்களுக்கான வேடிக்கை என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆயினும், இந்த உத்திக்குள் பெரியவர்களுக்கும் உரிய ஒரு வினா இருக்கிறது. மறைந்தவரின் இடத்தில் அமர்பவர் அவரிடமிருந்து எதனைப் பெற்றுக்கொள்கிறார்? பெயரையா, தோற்றத்தையா, பொறுப்பையா? கப்டன் அமெரிக்கா என்ற பாத்திரத்தின் நீண்ட வரலாறு இதற்கு நேரெதிரான இரண்டு விடைகளைத் தந்திருக்கிறது. அவற்றை இன்று நோக்குவோம்.

போர்க்காலப் பிறப்பு

கப்டன் அமெரிக்காவைப் படைத்தவர்கள் ஜோ சைமன், ஜக் கேர்பி ஆகிய இருவர். இருவரும் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். முதல் இதழில் 1941 மார்ச் என்று அச்சிடப்பட்டிருந்தாலும், அது 1940 டிசம்பரிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்குவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னர் வந்த அந்த இதழின் அட்டையிலே, கப்டன் அமெரிக்கா ஹிட்லரின் முகத்தில் குத்துவிடுகிறான்.

கதை எளிமையானது. ஸ்டீவ் ரொஜர்ஸ் என்பவன் நோஞ்சான் இளைஞன். இராணுவத்தில் சேர விரும்பியும் உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. விஞ்ஞானி ஒருவரின் மருந்து அவனைப் பலசாலியாக்குகிறது. நாட்டுக் கொடியின் நிறங்களில் உடையும் கையில் ஒரு கேடயமும் பெற்றுப் போருக்குப் போகிறான். பக்கி பார்ன்ஸ் என்ற சிறுவன் அவனுக்குத் துணை. அவனும் முதல் இதழிலேயே அறிமுகமானவன். இந்தப் பக்கியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் விழுந்த ஓட்டை

போர் முடிந்தபின் இத்தகைய வீரர்களுக்கு மவுசு குறைந்தது. கப்டன் அமெரிக்காவின் கதைகள் 1949 வரை வெளிவந்து நின்றன. 1953, 1954ஆம் ஆண்டுகளில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடும் வீரனாக அவன் மீண்டும் தலைகாட்டினான். அதுவும் நிலைக்கவில்லை.

பின்னர் 1964இல் ஸ்டான் லீயும் ஜக் கேர்பியும் அவனை மறுபடியும் கொண்டு வந்தபோது புதிய கதையொன்றைச் சொன்னார்கள். போரின் இறுதிக்கட்டத்தில், 1945இல், வெடிகுண்டு ஏற்றிய விமானமொன்றைத் தடுக்க முயன்றபோது பக்கி இறந்துபோனான். ஸ்டீவ் கடலில் வீழ்ந்து பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்தான். இப்போதுதான் கண்விழித்தான் என்பது அக்கதை.

கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு உதைத்தது. 1945 முதல் அவன் உறைந்து கிடந்தான் என்றால், 1946இலும் 1949இலும் 1954இலும் வெளிவந்த கதைகளில் சண்டை பிடித்தவன் யார்?

பழைய இதழ்களை மறந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். கதாசிரியர்கள் அப்படிச் செய்யவில்லை. ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் 1972இலும் ரோய் தோமஸ் 1977இலும் அந்த ஓட்டையையே கதையாக்கினார்கள். அதாவது, ஸ்டீவ் இறந்துவிட்டான் என்று அரசாங்கம் நம்பியது. போர்க்காலத்தில் மக்கள் மனம் உடைந்துவிடக்கூடாது என்பதற்காக, அந்த உடையை இரகசியமாக வேறொருவனுக்கு அணிவித்தது. 1946இல் அவனும் உயிரிழக்க, மூன்றாமவன் ஒருவன் வந்தான். ஆகவே, ஸ்டீவ் கடலடியில் கிடந்த காலத்திலே, அவன் சாகவில்லை என்று உலகம் எண்ணியிருந்தது. வாரிசு என்பவன் இங்கே ஒரு மரணத்தை மறைக்கும் திரையாகப் பயன்பட்டான்.

முகத்தை வாங்கியவன்

இவர்களுக்குள் நாம் கூர்ந்து நோக்கவேண்டியவன் 1950களின் கப்டன் அமெரிக்கா. எங்கிள்ஹார்ட் எழுதிய கதையின்படி இவன் சிறுவயது முதலே ஸ்டீவின் பக்தன். வளர்ந்து ஆய்வாளனாகி, தொலைந்துபோன அந்த மருந்தின் செய்முறையைக் கண்டுபிடிக்கிறான். ஸ்டீவின் முகத்தைப் போலத் தன் முகத்தைச் சத்திரசிகிச்சையால் மாற்றிக்கொள்கிறான். குரலை மாற்றுகிறான். ஈற்றில் பெயரையும் ஸ்டீவ் ரொஜர்ஸ் என்றே மாற்றிக்கொள்கிறான்.

இதைவிட நெருக்கமான வாரிசு ஒருவன் இருக்க முடியுமா? முகம் அதே முகம். குரல் அதே குரல். உடையும் அதே உடை. ஆனால், மருந்தை ஏற்றியவன் அதன்பின் பெறவேண்டிய கதிர்ச் சிகிச்சையைப் பெறவில்லை. அவனுடைய புத்தி பேதலிக்கிறது. காண்பவரெல்லாம் நாட்டின் எதிரிகளாகத் தெரிகின்றனர். கறுப்பின மக்கள்மீதும் அவன் கைவைக்கிறான். அவனைக் கட்டுப்படுத்த முடியாத அரசாங்கம் அவனை உறையவைத்துப் பூட்டிவிடுகிறது.

1972இல் விடுதலையாகி வந்த அவனை உண்மையான ஸ்டீவ் எதிர்கொள்கிறான். வென்ற பின்னர் ஸ்டீவின் மனதில் எழுவது பெருமிதம் அல்ல, கலக்கமே. அவனும் நானும் ஒரே மருந்தைக் குடித்தவர்கள். நிலைமை மாறியிருந்தால் அவன் இடத்தில் நான் நின்றிருப்பேன் என்று அவன் எண்ணுகிறான்.

கதையில் மருந்துதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. எனினும், கதாசிரியர் சுட்டுவது வேறொன்று என்று கொள்ளலாம். ஒருவரின் தோற்றத்தை முழுமையாக எடுத்துக்கொண்டவன், அவர் எதற்காக வாழ்ந்தார் என்பதைத் தவறவிட்டுவிட்டான். பக்தி மட்டும் ஒருவனை வாரிசாக்கிவிடாது என்பதே இதன் சாரம்.

நீதிமன்றப் படிகளில்

இனி இரண்டாவது விடைக்கு வருவோம். 2006இல் தொடங்கிய கதைத்தொடர் ஒன்றிலே, அதீத ஆற்றல் படைத்தோர் யாவரும் அரசாங்கத்திடம் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வருகிறது. ஸ்டீவ் அதை எதிர்க்கிறான். அவனுடைய நண்பன் டொனி ஸ்டார்க், அதாவது அயன்மேன், அதை ஆதரிக்கிறான். தமது சண்டையினால் பொதுமக்களே துன்பப்படுவதைக் கண்ட ஸ்டீவ் சரணடைகிறான். 2007 மார்ச்சில் வெளிவந்த 25ஆம் இதழில், கைவிலங்குடன் நியூயோர்க் நீதிமன்றப் படிகளில் ஏறும்போது சுடப்பட்டு வீழ்கிறான். எழுதியவர் எட் புரூபேக்கர். வரைந்தவர் ஸ்டீவ் எப்டிங்.

இந்தச் செய்தியை நாளேடுகளும் வெளியிட்டன. அப்போது 93 வயதாகியிருந்த ஜோ சைமன், இப்போதுதானே அவன் நமக்கு மிகவும் தேவைப்படுகிறான் என்ற கருத்தில் வருந்திப் பேசினார். அதே ஆண்டில் ஜெஃப் லோப் எழுதிய ஐந்து இதழ்கள், மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என்று துக்கத்தின் ஐந்து படிகளை ஒவ்வொன்றாகக் காட்டின. இந்தப் பகுப்பு 1969இல் மருத்துவர் எலிசபெத் குப்ளர்-ரொஸ் எழுதிய நூலால் பரவலாக அறியப்பட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 1945இல் மரணத்தை மறைத்து வாரிசை நிறுத்தினார்கள். 2007இல் முதலில் துக்கம் காத்தார்கள். வாரிசு உடனே வரவில்லை. 33ஆம் இதழ்வரை கப்டன் அமெரிக்கா இல்லாமலே கப்டன் அமெரிக்கா சஞ்சிகை வெளிவந்தது. வெற்றிடத்தை வெற்றிடமாகவே வாசகர் உணர இடம் கொடுத்தமை புரூபேக்கரின் துணிவு எனலாம்.

கடனை ஏற்றவன்

வாரிசாக வந்தவன் வேறு யாருமல்லன், பக்கிதான். 1964இல் இறந்ததாகச் சொல்லப்பட்ட பக்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இறந்தவனாகவே இருந்தான். சித்திரக்கதை உலகில் இது அபூர்வம். 2005இல் புரூபேக்கர் அவனை மீட்டார். வெடிப்பில் ஒரு கையை இழந்த அவனைச் சோவியத் படையினர் கண்டெடுத்து, நினைவை அழித்து, உலோகக் கை பொருத்தி, கொலையாளியாகப் பயன்படுத்தினர் என்பது கதை. பழைய நினைவுகள் திரும்பியபோது, செய்த கொலைகளும் கூடவே நினைவுக்கு வந்தன.

ஸ்டீவ் மறைந்ததும் பக்கி முதலில் செய்த காரியம், அந்தக் கேடயத்தைத் திருடியது. தான் ஏந்துவதற்காக அல்ல. தகுதியற்ற எவரும் ஏந்தக்கூடாது என்பதற்காக. நண்பனின் மரணத்துக்கு டொனி ஸ்டார்க்கே காரணம் என்று எண்ணி அவனைக் கொல்லவும் போகிறான். அங்கேதான் ஸ்டீவ் எழுதிவைத்த கடிதம் அவனுக்குத் தெரியவருகிறது. பக்கியைக் காப்பாற்று, கப்டன் அமெரிக்காவைச் சாகவிடாதே என்ற இரு வேண்டுகோள்கள் அதில் இருந்தன. ஒன்றைச் செய்தால் மற்றதும் நிறைவேறும் என்று ஸ்டார்க் முடிவு செய்கிறான். பக்கி சம்மதிக்கிறான். ஆனால், தன் மூளையில் எஞ்சியிருக்கக்கூடிய அந்நியக் கட்டளைகளை நீக்கவேண்டும், தான் எவருக்கும் கீழ்ப்பட்டு இயங்கமாட்டான் என்று நிபந்தனை விதிக்கிறான்.

2008 ஜனவரியில் வந்த 34ஆம் இதழில் அவன் தோன்றுகிறான். அலெக்ஸ் ரொஸ் வடிவமைத்த புதிய உடை. இடுப்பில் கைத்துப்பாக்கி. ஸ்டீவின் உடலில் ஓடிய மருந்து இவன் உடலில் இல்லை. ஸ்டீவைப் போல நடிக்க இவன் முயலவும் இல்லை. அந்த இடத்துக்குத் தான் பொருத்தமற்றவன் என்ற கூச்சம் அவனிடம் தெரிகிறது. அந்தக் கூச்சமே அவனை நிதானமாக வைத்திருக்கிறது.

2009இல் தொடங்கிய இன்னொரு தொடரில் ஸ்டீவ் திரும்புகிறான். அவனைத் தாக்கிய ஆயுதம் அவனைக் கொல்லவில்லை, காலத்தின் ஓட்டத்திலிருந்து பெயர்த்துவிட்டது என்று விளக்கம் சொல்லப்படுகிறது. எனினும், கேடயத்தை அவன் பக்கியிடமே விட்டுவிடுகிறான். பின்னர் பக்கியின் பழைய கொலைகள் உலகுக்குத் தெரியவந்து, அவன் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறான். ருஷ்யச் சிறை ஒன்றிலும் அடைபடுகிறான். 2011இல் இவனும் இறந்ததாக உலகம் நம்புகிறது. கேடயம் மறுபடி ஸ்டீவின் கைக்கு வருகிறது. பக்கியோ உயிருடன் மறைந்து வாழ்கிறான்.

இது வெறும் வியாபாரமா?

இறந்தவர் எல்லோரும் திரும்பி வந்தால் மரணத்துக்கு என்ன மதிப்பு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மரணத்தை அறிவித்தால் இதழ் விற்கும். மீண்டு வந்தாலும் விற்கும். பதிப்பாளரின் கணக்கு இதில் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால், கதையின் பெறுமதி முடிவில் இல்லை, இடைக்காலத்தில் இருக்கிறது. மறைந்தவன் மீளமாட்டான் என்று நம்பி ஒருவன் எடுக்கும் முடிவு உண்மையானது. பின்னர் மறைந்தவன் மீண்டாலும் அந்த முடிவு பொய்யாகிவிடாது.

நம்மவருக்கு இது புதிய எண்ணமுமல்ல. இராமன் காடேகியபோது பரதன் அரியணையில் அமரவில்லை. பாதுகைகளை வைத்து 14 ஆண்டுகள் நாட்டைக் காத்தான். கேடயத்தை எவரும் தொடாதபடி ஒளித்து வைத்த பக்கியின் முதல் மனநிலை பரதனுடையதே. ஆனால், பரதனுக்கு இராமன் வருவான் என்ற உறுதி இருந்தது. பக்கிக்கு அது இல்லை. ஆகவே, அவன் பாதுகையைப் பூசிப்பதோடு நிற்க முடியாமல், அதைக் காலில் மாட்டிக்கொண்டு நடக்கவேண்டி வந்தது.

பின்னாளில், 2014இல், முதுமையடைந்த ஸ்டீவிடமிருந்து சாம் வில்சன் என்ற கறுப்பின நண்பன் கேடயத்தைப் பெற்றான். 2021இன் தொலைக்காட்சித் தொடரும் 2025இன் திரைப்படமும் அவனைக் கப்டன் அமெரிக்காவாகக் காட்டின. அவனுடைய முகத்தில் ஸ்டீவின் சாயலைத் தேடுவதில் பொருளில்லை.

ஒரு தந்தையின் கடையை மகன் நடத்துவதிலும், ஓர் ஆசிரியரின் வகுப்பை மாணவர் ஏற்பதிலும் இதே சோதனை உண்டு. மறைந்தவரின் கதிரையில் அமர்ந்து அவருடைய குரலில் பேசுவது எளிது. அவர் முடிக்காமல் விட்ட வேலையை நமது குரலில் தொடர்வது கடினம். முகத்தை வாங்கியவன் அறிவிழந்தான். கடனை ஏற்றவன் நிலைத்தான். சித்திரக்கதை என்று தள்ளிவிடாமல் நாம் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது இதுவே.