வாசலில் தொழிற்சாலை, உள்ளே யாரைத் தெரியும்?

நம் பத்து காவானில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு விளைந்தது. பிறகு ரப்பர் வந்தது, அதன்பின் செம்பனை. தோட்டம் இருந்த நிலத்தில் இன்று நிற்பவற்றை எண்ணிப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் மாநில விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. 2014 மார்ச்சில் இரண்டாவது பாலம் நம்மைத் தீவோடு இணைத்தது. 2019-இல் ஐகியா வந்தது. தொழிற்பேட்டையில் போஸ்டன் சயின்டிஃபிக் இருக்கிறது. லாம் ரிசர்ச் 2021-இலும், மைக்ரான் 2023-இலும் தம் தொழிற்சாலைகளைத் திறந்தன. இத்தனையும் நம் வீட்டு வாசலிலிருந்து மோட்டார் சைக்கிளில் எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான்.

ஆனால் அந்தச் சுற்றுச்சுவருக்கு உள்ளே நமக்கு யாரைத் தெரியும்? பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில், "காவலுக்கு நிற்கும் மாமாவைத் தெரியும்" என்பதுதான். அவர் நல்லவர், உதவும் மனம் உடையவர். எனினும் பொறியியல் பிரிவில் ஆள் எடுக்கும் செய்தி அவர் காதுக்கு எட்டுவதில்லை. பட்டயச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, ஆள் பிடித்துக் கொடுக்கும் முகவரிடம் சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் இழந்துவந்த மாணவர் ஒருவரை நான் அறிவேன். அவருக்குக் கல்வியில் குறைவில்லை. குறைவெல்லாம் அறிமுகத்தில்தான்.

அறிமுகத்தின் அருமை நம் முன்னோர் அறியாததன்று. கங்காணி முறை என்பதே அறிமுகத்தின்மேல் கட்டிய ஏற்பாடுதானே! தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் தம் சொந்த ஊருக்குத் திரும்பிப் போவார். உற்றார் உறவினரையும் அண்டை வீட்டாரையும் திரட்டிக் கப்பலேற்றுவார். அப்படி வந்தவர்களின் உழைப்பிலிருந்து அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. 1938-இல் இந்திய அரசு தடை விதித்தபோது அந்த ஆள்சேர்ப்பு முடிவுக்கு வந்தது. ஆனால், நமக்கும் வேலைக்கும் நடுவே ஒருவர் நின்று இருபுறமும் காசு பார்க்கும் வழக்கம் அதோடு முடிந்துவிட்டதா என்பதை வாசக அன்பர்களே சொல்லுங்கள்.

அந்த நடுவாளை விலக்கி வைக்கும் ஒரு கருவி இன்று காசில்லாமல் கிடைக்கிறது. அதுதான் தொழில் தொடர்பேடு. உலகின் முதல் தொலைபேசி விவரத்தாள் 1878-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வெளிவந்தது. ஒற்றைத் தாளில் ஐம்பது பெயர்கள், எண்கள்கூட இல்லை. இன்றைய தொடர்பேடு அதன் கொள்ளுப்பேரன் என்று சொல்லலாம். யார், எந்த நிறுவனத்தில், என்ன பொறுப்பில் இருக்கிறார், எங்கே படித்தார் என்பதையெல்லாம் அவரவரே எழுதி வைத்திருக்கும் ஏடு இது. இவ்வகையில் மிகப் பெரியது 2003-இல் தொடங்கிய லிங்க்ட்இன். 2023-இல் அதன் உறுப்பினர் தொகை நூறு கோடியைத் தாண்டியது. கட்டணப் பிரிவும் உண்டு. அதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. நமக்கு வேண்டியதில் பெரும்பகுதி இலவசப் பிரிவிலேயே இருக்கிறது.

"முகம் தெரியாதவர் எனக்கு எதற்கு உதவப் போகிறார்?" என்று கேட்கலாம். இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், அறிமுகத்தின் வழியாக வேலை மாறியவர்களை விசாரித்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அடிக்கடி சந்திக்கும் நெருங்கியவர் மூலம் வேலை பெற்றோர் நூற்றுக்குப் பதினேழு பேர் அளவில்தான் இருந்தனர். பாதிக்கும் மேற்பட்டோருக்கு எப்போதாவது சந்திக்கும் ஒருவரே வழிகாட்டியிருந்தார். காரணம் எளிது. நமக்கு நெருங்கியவர்கள் நமக்குத் தெரிந்ததையே அறிந்திருப்பார்கள். தூரத்து அறிமுகமே புதுச் செய்தி கொண்டுவரும். 2022-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வொன்று, லிங்க்ட்இன் உறுப்பினர் இரண்டு கோடிப் பேரை வைத்துச் சோதித்து ஏறக்குறைய இதே முடிவைக் கண்டது. அறவே தொடர்பற்றவரும் அல்லாமல், மிக நெருங்கியவரும் அல்லாமல், ஓரளவு தூரத்து அறிமுகமே வேலை மாற்றத்துக்கு மிகவும் உதவியது. ஒரே தோட்டத்தில், ஒரே வரிசை வீடுகளில் மூன்று தலைமுறை வாழ்ந்த நமக்கு நெருங்கியவர்கள் ஏராளம்; தூரத்து அறிமுகம்தான் பஞ்சம்.

இனி, செய்யும் முறைக்கு வருவோம். முதலில் உங்கள் பக்கம். பெயருக்குக் கீழே ஒரு வரி எழுத இடம் இருக்கும். அங்கே "வேலை தேடுகிறேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். "மின்னியல் பட்டயம், இயந்திரப் பராமரிப்பில் ஓராண்டுப் பயிற்சி, பத்து காவான்" என்று எழுதுங்கள். தேடுபவர் அந்தச் சொற்களைக் கொண்டுதான் தேடுவார். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, சான்றிதழின் படம் ஆகியவற்றை அதில் போட வேண்டாம்.

அடுத்து, நீங்கள் படித்த கல்லூரியின் பக்கத்தைத் திறவுங்கள். அங்கே படித்தவர்கள் இப்போது எந்தெந்த நிறுவனத்தில் இருக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டும். செபராங் பிறை பொலிடெக்னிக்கிலோ, நிபோங் திபாலில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்திலோ படித்த ஒருவர், தமக்கு முன்னே அதே வகுப்பறையில் உட்கார்ந்து எழுந்து போனவர்களை இப்படிக் கண்டுகொள்ளலாம். என்னைக் கேட்டால், அந்தத் தொடர்பேட்டில் மிகவும் பயனுள்ள பக்கம் இதுதான். நம்மவர் பலர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை.

கண்டபின் எழுத வேண்டும். இலவசப் பிரிவில் அழைப்போடு குறிப்பு எழுதி அனுப்ப எண்ணிக்கை வரம்பு உண்டு. ஆகையால் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். முப்பதாண்டுக்கு மேல் கட்டுரை திருத்திய பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன்: நான்கு வாக்கியம் போதும். நான் இன்னார், நீங்கள் படித்த அதே துறையில் இந்த ஆண்டு படித்தேன். நீங்கள் பராமரிப்புப் பிரிவில் இருப்பதைக் கண்டேன். அப்பிரிவில் புதிதாகச் சேருவோரிடம் எந்தத் திறனை முதலில் எதிர்பார்க்கிறார்கள்? நேரமிருக்கும்போது பதில் எழுதினால் நன்றியுடையவனாவேன். இவ்வளவுதான். "எப்படியாவது ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள்" என்று முதல் கடிதத்திலேயே எழுதினால் அவர் என்ன செய்வார், பாவம்! வேலை கொடுக்கும் அதிகாரம் அவர் கையில் இல்லை. விவரம் சொல்லும் அதிகாரம் இருக்கிறது. பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு பேர் பதில் போடலாம். அந்த இரண்டு பேர் போதும். அதோடு, சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்திலும் பெயரைப் பதிந்து வையுங்கள், அதுவும் இலவசமே.

வேலை தேடும் இளைஞருக்கு மட்டும் உரிய விஷயமன்று இது. உணவு சமைத்துக் கொடுப்பவர், துணி தைப்பவர், வேன் ஓட்டுபவர், குளிர்சாதனம் பழுது பார்ப்பவர் என்று நம்மிடையே சிறு தொழில் செய்வோர் அநேகர். பெரிய தொழிற்சாலை இவர்களிடம் நேராக வாங்குவது அரிது. சிற்றுண்டிச்சாலையை ஒரு குத்தகையாளர் நடத்துகிறார்; துப்புரவு, தோட்டம், பழுது பார்த்தல் முதலியவற்றை வசதி நிர்வாக நிறுவனம் ஒன்று ஏற்றிருக்கிறது. அவர்கள்தாம் அந்த வேலையைப் பிரித்து வெளியே கொடுப்பவர்கள். ஆகவே தொடர்பேட்டில் தேட வேண்டியது தொழிற்சாலையின் தலைவரை அன்று. கொள்முதல் அதிகாரியையும் வசதி நிர்வாகியையும்தான்.

அவர் கேட்கும் முதல் கேள்வி, "எஸ்.எஸ்.எம். பதிவு உண்டா?" என்பதாக இருக்கும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே தொழிலைப் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட், தனி வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். இந்தச் செலவுக்குத் தயங்கி, கையெழுத்துப் பற்றுச்சீட்டோடு காலம் தள்ளுவோர்க்கு எந்தத் தொடர்பேடும் உதவாது.

தொடர்பேட்டை எதிர்ப்புறமாகவும் பயன்படுத்தலாம். வீட்டுப் பத்திரம் எழுத வக்கீல் வேண்டும் என்றால், மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் ஏட்டில் அவர் பெயர் உண்டா என்று இலவசமாகவே பார்க்கலாம். பொறியாளருக்குப் பொறியாளர் வாரியம். கட்டுமானக் குத்தகையாளருக்கு சி.ஐ.டி.பி. கோயில் திருப்பணிக்கோ வீட்டை விரிவாக்கவோ முன்பணம் கொடுக்கும் முன் ஐந்து நிமிடம் அதில் செலவிடுவது நல்லது. லிங்க்ட்இன்னில் யார் வேண்டுமானாலும் தம்மை என்னவென்றும் எழுதிக்கொள்ளலாம். சட்டப்படி அமைந்த பதிவேட்டில் அப்படி எழுதிவிட முடியாது.

ஆபத்தும் உண்டு. 2022-இல் நம் நாட்டு இளைஞர் பலர், அதிகச் சம்பளம் என்ற இணைய விளம்பரத்தை நம்பிக் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டுக் கிடந்த செய்தியை யாரும் மறந்திருக்க முடியாது. வேலை கொடுப்பவர் முன்பணம் கேட்டால், வங்கிக் கணக்கைக் கேட்டால், நேர்முகத் தேர்வே இல்லாமல் விமானச் சீட்டு அனுப்பினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டதென்றால் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையம் 2022 அக்டோபரிலிருந்து செயல்படுகிறது.

கணினியும் கைப்பேசியும் பழகாத பெரியவர்கள் இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. ஆலயங்களில் நாம் ஏற்கெனவே உபயக்காரர் பட்டியல் வைத்திருக்கிறோம். யார் எந்தத் திருவிழாவுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது அதில் இருக்கும். அவர் என்ன வேலை செய்கிறார் என்பது இராது. நம் வருகையாளரில் தாதியர் உண்டு, கணக்காளர் உண்டு, தொழிற்சாலை மேற்பார்வையாளர் உண்டு. வெள்ளிக்கிழமை பிரசாதம் வாங்கிக்கொண்டு ஒருவரையொருவர் அறியாமலே வீட்டுக்குப் போகிறார்கள். இதற்கு ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் போதும். பெயர், தொழில், பணியிடம், இளையோருக்கு எந்த வகையில் வழிகாட்ட முடியும் என்று நான்கு பத்தி. ஐந்தாவதாக, தம் தொலைபேசி எண்ணைப் பிறருக்குக் கொடுக்கலாமா கூடாதா என்பதற்கு அவரவர் கையெழுத்து. அந்த ஐந்தாவது பத்தி காலியாக இருந்தால் எண்ணை யாருக்கும் கொடுக்கக் கூடாது, கேட்பவர் தலைவராகவே இருந்தாலும் சரி.