தேசிய அதிர்வெண் ஒதுக்கீட்டுத் திட்டம் (இந்தியா)

தேசிய அதிர்வெண் ஒதுக்கீட்டுத் திட்டம் என்பது இந்தியாவில் எந்த வானலை அதிர்வெண்ணை எந்தச் சேவைக்குப் பயன்படுத்தலாம் என்பதை வரையறுக்கும் அரசு ஆவணமாகும். தொலைத்தொடர்புத் துறையைச் சேர்ந்த கம்பியில்லாத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு இதனைத் தயாரிக்கிறது. பன்னாட்டு முடிவுகளுக்கு ஏற்ப இத்திட்டம் அவ்வப்போது திருத்தப்படுகிறது. 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் திருத்திய பதிப்புகள் வெளியாயின.

பன்னாட்டு அடிப்படை

வானலைகள் நாட்டு எல்லையோடு நிற்பதில்லை. எனவே அதிர்வெண் பங்கீட்டை ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒருங்கிணைக்கிறது. இதற்கான உடன்படிக்கை வானொலி ஒழுங்குவிதிகள் எனப்படும். மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் உலக வானொலித் தொடர்பு மாநாடு இதனைத் திருத்துகிறது.

ஒதுக்கீட்டுக்காக உலகம் 3 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தியாவும் இலங்கையும் மூன்றாம் வட்டாரத்தில் உள்ளன. ஒவ்வொரு பட்டையிலும் சேவைகள் முதன்மை, இரண்டாம் நிலை என வகைப்படுத்தப்படுகின்றன. இரண்டாம் நிலைச் சேவை முதன்மைச் சேவைக்கு இடையூறு செய்யக்கூடாது. அதனிடமிருந்து பாதுகாப்பும் கோர முடியாது.

தேசிய அளவில் ஏற்றல்

பன்னாட்டு அட்டவணை ஒரே பட்டையில் பல சேவைகளை அனுமதிக்கிறது. அவற்றுள் எவற்றைச் செயல்படுத்துவது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்கிறது. இந்தியா தன் தனித் தேவைகளை அடிக்குறிப்புகளாகச் சேர்க்கிறது. அட்டவணைக்கு மாறாகவும் ஒரு நாடு அதிர்வெண்ணை ஒதுக்கலாம். ஆனால் விதிப்படி இயங்கும் பிற நாட்டு நிலையங்களுக்கு அது தீங்கான இடையூறு விளைவிக்கக்கூடாது என்று 4.4 ஆம் விதி கூறுகிறது.

எடுத்துக்காட்டு: 26 கிகாஹெர்ட்ஸ் பட்டை

வளிமண்டல நீராவி 23.8 கிகாஹெர்ட்ஸ் அருகே மிக நலிந்த இயற்கைக் கதிர்வீச்சை வெளியிடுகிறது. வானிலைச் செயற்கைக்கோள்கள் இதனை அளந்து, கடல்மேல் உள்ள ஈரப்பதத்தைக் கணிக்கின்றன. 2011 இல் ஏவப்பட்ட இந்திய-பிரெஞ்சு மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளின் மெட்ராஸ் கருவியும் இந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்தியது. இதற்காக 23.6–24 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் எவ்வித ஒலிபரப்பும் தடைசெய்யப்பட்டுள்ளது.

எகிப்தின் ஷர்ம் எல்-ஷேக்கில் 2019 இல் நடந்த மாநாடு, இதற்கு அண்மையிலுள்ள 24.25–27.5 கிகாஹெர்ட்ஸ் பட்டையைக் கைப்பேசிச் சேவைக்கு அடையாளம் கண்டது. அலைபரப்பிகளின் ஆற்றலில் ஒரு பகுதி அண்டைப் பட்டைக்குள் கசியும். செயற்கைக்கோள் உணரியால் இக்கசிவை நீராவிக் கதிர்வீச்சிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆகவே மாநாடு கசிவுக்கு உச்சவரம்பு விதித்தது. தளநிலையங்களுக்கு அது 200 மெகாஹெர்ட்ஸுக்கு −33 டெசிபெல்-வாட், அதாவது ஏறத்தாழ 0.5 மில்லிவாட் ஆகும். 2027 செப்டம்பர் 1 இற்குப் பின் செயல்பாட்டுக்கு வருபவற்றுக்கு வரம்பு −39 டெசிபெல்-வாட். இது முந்தைய வரம்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இவ்வரம்புகள் போதுமானவை அல்ல என உலக வானிலை அமைப்பு கவலை தெரிவித்தது.

இந்தியா 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையை 2022 இல் ஏலம் விட்டது.

முக்கியத்துவம்

வானொலி ஒழுங்குவிதிகள் அரசுகளையே நேரடியாகக் கட்டுப்படுத்துகின்றன. தொலைத்தொடர்பு நிறுவனங்களை அல்ல. மாநாட்டின் வரம்புகளை உள்நாட்டு விதிகளிலும் உரிம நிபந்தனைகளிலும் சேர்த்தால்தான் அவை நிறுவனங்களுக்குப் பொருந்தும். அவ்வாறு சேர்க்கத் தவறினால், ஒரு நாட்டின் கைப்பேசிக் கோபுரங்களால் புயல், மழைக் கணிப்புகளுக்கு உலக நாடுகள் பகிர்ந்துகொள்ளும் தரவு பிழைபடக்கூடும்.