சக்கரம் போகும் காடு – 11: கிடா கொடுத்து வாங்கிய வழி

கால்மிட் சிகர ஏற்றத்தை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தபோது ஓர் ஆட்டுக்கிடா குறுக்கே வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு மேலே போக மனம் வரவில்லை. சைக்கிளின் முன்னோடியான மரவண்டியை டிரைஸ் 1817-ல் மன்ஹைம் நகரில் ஓட்டிய கதையைப் போன வாரமே முடித்துவிட்டோம். இப்போது ரைன் ஆற்றைக் கடந்து மேற்குக் கரைக்கு வந்திருக்கிறோம். ஜெர்மனியின் ஃபால்ஸ் பகுதி இது.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். ஆற்றை ஒட்டிச் சமவெளி. அது முடியும் இடத்தில் ஏறி இறங்கும் மேடுகள், அவற்றின் மேல் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைத் தோட்டங்கள். அதற்கும் மேலே ஹார்ட் என்கிற மலைவிளிம்பு. விளிம்பைத் தாண்டினால் பெருங்காடு. யுனெஸ்கோ 1992-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அங்கீகரித்த காடு. மலை மழையைத் தடுத்துவிடுவதால் அதன் கிழக்கடிவாரம் வெதுவெதுப்பானது. மார்ச் மாதத்தில் பாதாம் மரங்கள் பூத்துவிடும், அத்திகூடக் காய்க்கும். தோட்டங்களையும் ஊர்களையும் கோத்துக்கொண்டு, வடக்கே பொக்கன்ஹைமிலிருந்து தெற்கே பிரெஞ்சு எல்லை வரை 85 கிலோமீட்டர் ஓடுகிறது ஜெர்மன் திராட்சை மதுச் சாலை. 1935-ல் திறந்தார்கள். ரீஸ்லிங் திராட்சைக்கு இது தாய்வீடுகளில் ஒன்று.

மவுண்டன் பைக் ஓட்டுகிறவனுக்கு இந்த ஊரில் கிடைக்கும் பெரிய சந்தோஷம், தோட்டம் முடிந்து காடு தொடங்கும் அந்த இடம்தான். திராட்சை வரிசைகளுக்கு நடுவே டிராக்டருக்காகப் போட்ட கான்கிரீட் தடத்தில் சக்கரம் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். கடைசித் தோட்டத்தின் மணற்கல் சுவர் முடிந்ததும் தரை சட்டென்று மாறும். இளஞ்சிவப்பு மணற்கல் பொடிந்து உண்டான மண் அது. மழைநீரை உடனே உறிஞ்சிவிடும். வேறு ஊர்க் காடுகளில் மழைக்கு மறுநாள் சேற்றில் சிக்கித் தவிப்போம். இங்கே தைரியமாக ஏறலாம். ஆனால் வளைவுகளில் உதிரி மணல் கிடக்கும். அங்கே முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் வாரிவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவு முடியும் இடத்தைப் பார்த்தபடி, பிரேக்கைத் தொடாமல் வண்டியை உருளவிட வேண்டும்.

அந்த எல்லையில் முதலில் வருவது செஸ்நட் மரங்கள். அக்டோபரில் பாதை முழுக்க அவற்றின் முள்கூடுகள் வெடித்துக் கிடக்கும். உள்ளே பளபளவென்று பழுப்புக் கொட்டைகள். இந்த மரம் அங்கே சும்மா நிற்கவில்லை. திராட்சைக் கொடிக்குக் கம்பு நட வேண்டும், நட்ட கம்பு ஈர மண்ணில் சீக்கிரம் மட்கக் கூடாது. செஸ்நட் மரம் அதற்குத் தாங்கும். அதனால்தான் தோட்டத்துக்கு நேர் மேலே அதை வளர்த்தார்கள். மதுப் பீப்பாய்க்கு வேண்டிய ஓக் மரம் காட்டின் உள்ளேயிருந்து வந்தது. காட்டுச் சருகைக்கூட விட்டுவைக்கவில்லை. வாரிக்கொண்டு வந்து தொழுவத்தில் பரப்பி, சாணியும் கோமியமும் ஊறிய பிறகு வயலுக்கும் தோட்டத்துக்கும் எருவாகப் போட்டார்கள். சருகு போன காட்டு மண் சத்திழந்து கிடந்தது. திராட்சைத் தோட்டத்தின் செழிப்புக்குக் காடு கொடுத்த விலை அது.

ஆக, தோட்டக்காரனுக்குக் காடு வேண்டும், காட்டுக்காரனுக்கு மேய்ச்சல் வேண்டும். யார் எதுவரை போகலாம் என்பதில் பேச்சு, பேரம், சண்டை, சமாதானம். கிடா இங்கேதான் வருகிறது.

லாம்ப்ரெக்ட் என்பது மலைக்குள், பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர். டைடஸ்ஹைம் என்பது வெளியே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். இரண்டுக்கும் நேர்கோட்டில் சுமார் 10 கிலோமீட்டர்; நடுவில் முழுக்க மலையும் காடும். அந்தக் காட்டில் பெரும்பங்கு டைடஸ்ஹைமுக்குச் சொந்தம். லாம்ப்ரெக்ட்காரர்களின் மாடு மேய வேறு இடமில்லை. ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மேய்ச்சலுக்கு ஈடாக ஆண்டுக்கு ஒரு வெள்ளாட்டுக் கிடா தர வேண்டும். ஏதோ ஓர் ஆடு என்று ஒப்பேற்ற முடியாது. நல்ல கொம்பு இருக்க வேண்டும், நல்ல விதைப்பை இருக்க வேண்டும். நோஞ்சான் கிடாவைத் தள்ளிவிட்டு மேய்ச்சலை அனுபவிக்கக் கூடாது என்பதற்காகப் போட்ட நிபந்தனை. 1404-ம் ஆண்டு முதலே இந்த வழக்கத்துக்குப் பதிவு இருக்கிறது.

நான் வியந்தது 1404-க்காக அல்ல. அந்தக் கிடா இன்னமும் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்காக. டைடஸ்ஹைம் ஸ்பையர் பிஷப்பின் ஆட்சியில் இருந்தது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். 1816-ல் பவேரியா வந்தது. ஆட்சிகள் மாறின, எல்லைகள் மாறின, மாட்டைக் காட்டுக்கு ஓட்டும் பழக்கமே ஒழிந்துபோனது. கிடா கொடுக்கும் வழக்கம் மட்டும் மறையவில்லை. லாம்ப்ரெக்டில் கடைசியாகக் கல்யாணம் ஆன இளந்தம்பதி அதைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு காட்டு வழியே நடத்திக் கொண்டுபோவது மரபு. டைடஸ்ஹைமில் கொம்பையும் மற்றதையும் முறைப்படி பார்த்துச் சரி சொல்லித்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, மாலை 5.45 மணிக்கு, பழைய நகர்மன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் ஏலம் தொடங்கும். மணி ஆறு அடிக்கும்போது யார் கேட்டது கடைசிக் கேள்வியோ, கிடா அவருக்கு.

படிக்கப் படிக்க இதை விட முடியவில்லை. அறுநூறு ஆண்டுகள் தாண்டிய வாடகை! காட்டுக்குள் போகிறவன் காட்டுக்குச் சொந்தக்காரனுக்கு ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்ற எண்ணத்தை அந்தக் கிடா ஆண்டுதோறும் நடந்தே நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. லாம்ப்ரெக்டில் மவுண்டன் பைக் மாரத்தான் நடத்தியவர்கள், போட்டிக்கு வேறு பெயர் தேடவில்லை. கிடாவின் பெயரையே, உள்ளூர் வழக்கில் ‘கேஸ்போக்’ என்றே, வைத்துவிட்டார்கள்.

இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் சைக்கிளுக்கும் பொருந்துகிறது. ரைன் ஆற்றின் அக்கரையில் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம். அங்கே காட்டில் இரண்டு மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. 1990-களில் வந்த விதி. ஒற்றையடிப் பாதையெல்லாம் அதோடு போயிற்று. மவுண்டன் பைக்கின் உயிரே ஒற்றையடிப் பாதையில்தான் இருக்கிறது. இரு சக்கரத்தில் மனிதனை உருளவைத்த டிரைஸ் அந்தப் பாடன் நாட்டுக்காரர். தொழில் முறையில் வனத்துறை அதிகாரி. இதைப் போன வாரம் அழுத்திச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சைக்கிளின் மூதாதையைப் பெற்றெடுத்தவர் ஒரு காட்டதிகாரி என்பதை, காட்டையும் சைக்கிளையும் எதிரெதிரே நிறுத்தி வாதாடும் எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபால்ஸ் இருக்கும் மாநிலத்தில் அந்த இரண்டு மீட்டர் கணக்கு இல்லை. அதற்காகக் கண்ட இடத்தில் இறங்கலாம் என்றும் இல்லை. சாலையிலும் காட்டுப் பாதையிலும் சைக்கிளுக்கு அனுமதி உண்டு. நடப்பதற்கான ஒற்றையடித் தடங்களைச் சட்டம் காட்டுப் பாதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இங்கே அவர்கள் எடுத்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. தடங்களைத் தேர்ந்தெடுத்து, குறியிட்டு, ‘மவுண்டன் பைக் பூங்கா’ என்று 2005-ல் திறந்துவைத்தார்கள். வேலியும் நுழைவுச்சீட்டும் உள்ள பூங்கா அல்ல. காட்டுக்குள் பல நூறு கிலோமீட்டர் ஓடும் குறியிட்ட பாதைகள். லாம்ப்ரெக்ட் அதன் வாசல்களில் ஒன்று. மரத்தில் அடித்திருக்கும் சிறிய பலகையைப் பார்த்துத் திரும்பினால் போதும். ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் வனத்துறை, ஊராட்சி, நடைப்பயணிகள் என்று பல பேருடன் பேசிப் பெற்ற சம்மதம் இருக்கிறது. தடைச் சட்டத்தால் வராத ஒழுங்கு இப்படிப் பேசியதால் வந்தது என்பதுதான் என் கட்சி. நம் ஊர் மலைகளில் சைக்கிள் சங்கங்கள் வளர்ந்துவருகின்றன. காட்டுத் தடம் கேட்டுப் போகும்போது வனத்துறையின் மேசையில் வைக்க இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

கால்மிட்டுக்கு இனி இடமில்லை. 673 மீட்டர் உயரம். இந்தக் காட்டின் மிக உயர்ந்த சிகரம். அதன் ஏற்றமும், வார இறுதியில் தொண்டர்கள் அடுப்பு மூட்டும் காட்டுக் குடில்களும், அரை லிட்டர் கண்ணாடிக் குவளையும் அடுத்த வாரம் கட்டாயம் வரும்.

ஃபிராங்க்ஃபர்ட், ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்க்கும் வாசகர்கள் சிலர் போக வழி கேட்டிருந்தார்கள். மன்ஹைமிலிருந்து கைசர்ஸ்லாட்டர்ன் போகும் ரயில் பாதையில்தான் லாம்ப்ரெக்ட் இருக்கிறது, எஸ்-பான் நிற்கும். அங்கே இறங்கி, காட்டைக் கடந்து டைடஸ்ஹைமில் முடியுங்கள். அங்கேயும் ரயில் நிலையம் உண்டு. குறியிட்ட தடத்தைவிட்டு விலகாதீர்கள். நடந்து வருகிறவர்களைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, குரல் கொடுத்து, அவர்களை முதலில் போகவிடுங்கள். இருட்டும் நேரத்தில் காடு விலங்குகளுக்கு உரியது. பொழுது சாய்வதற்குள் தோட்டத்துப் பக்கம் இறங்கிவிடுங்கள்.