மழையை மேலிருந்து எடை போடும் ரேடார்!

ஐப்பசி பிறந்துவிட்டால் கிராமத்து டீக்கடைகளில் ஒரே பேச்சுதான். செல்போனில் மழைப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘நம்ம ஊர் மேல சிவப்பா நிக்குது, இன்னைக்கு மருந்து அடிக்காதே’ என்பார் ஒருவர். ‘நேத்தும் சிவப்பாத்தான் காட்டுச்சு. களத்துல காயப்போட்ட கடலையை அள்ளி மூடுனதுதான் மிச்சம். ஒரு தூறல்கூட இல்லை’ என்பார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதிலும் தப்பில்லை. அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால், எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பது பிடிபட்டுவிடும்.

டி.வி.யில் வெள்ளை வெள்ளையாகக் காட்டும் மேகப் படம் வேறு, மழைப் படம் வேறு. மேகப் படம் எடுக்கும் இன்சாட் வகைச் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. அவை பார்ப்பது மேகத்தின் உச்சியை மட்டும். உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை வைத்து, கீழே மழை இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். கூரையைப் பார்த்து வீட்டுக்குள் எத்தனை பேர் என்று சொல்கிற மாதிரிதான். ரேடார் அப்படியல்ல. அது அனுப்பும் ரேடியோ அலை மேகத்துக்குள் புகுந்து, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பி வரும். வந்து சேர்ந்த நேரத்தை வைத்துத் தூரத்தையும், வந்த அலையின் பலத்தை வைத்து மழையின் அளவையும் கண்டுபிடிக்கலாம்.

சென்னை, காரைக்கால் போன்ற இடங்களில் இருப்பவை தரை ரேடார்கள். பக்கத்து மழைக்கு இவைதான் கெட்டிக்காரர்கள். ஆனால், பூமி உருண்டை. அலையோ கிட்டத்தட்ட நேராகப் போகிறது. 250 கி.மீ. தூரம் போவதற்குள் அந்த அலை தரையிலிருந்து ஏறக்குறைய 6 கி.மீ. மேலே ஏறிவிடும். அதற்குக் கீழே கொட்டுகிற மழை அதன் கண்ணில் படாது. நடுக்கடலில் உருவாகும் புயலைப் பார்க்க, ரேடாரையே மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

புயலுக்குள் பறக்கும் விமானம்

அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, இதற்காகவே ‘பி-3 ஓரியன்’ விமானங்கள் இரண்டை 1970-களில் இருந்து வைத்திருக்கிறது. கெர்மிட், மிஸ் பிக்கி என்று பொம்மலாட்டக் கதாபாத்திரங்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள்; செய்வதென்னவோ விளையாட்டு வேலை இல்லை. சுமார் 3 கி.மீ. உயரத்தில் புயலின் கண்ணைப் பல முறை குறுக்கே கடக்கின்றன. வாலில் இருக்கும் ரேடார் சுற்றிச் சுற்றி, வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்குவதுபோல, புயலை மேலிருந்து கீழ்வரை துண்டு துண்டாகப் படம் எடுக்கிறது. துளிகள் விமானத்தை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா என்பதும் தெரிவதால் காற்றின் வேகமும் கிடைத்துவிடும். இந்த அளவுகள் புயலைக் கணிக்கும் கணினிகளுக்குப் போகின்றன.

வங்கக்கடலில் இப்படி வாடிக்கையாகப் பறக்கும் விமானம் கிடையாது. அதனால், நமக்குச் செயற்கைக்கோள் ரேடார் கூடுதல் முக்கியம்.

விண்வெளியில் முதல் மழை ரேடார்

அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து 1997 நவம்பரில் ‘டி.ஆர்.எம்.எம்.’ செயற்கைக்கோளை ஏவின. மழையை அளக்கும் ரேடார் விண்வெளிக்குப் போனது அதுவே முதல்முறை. மூன்று ஆண்டுகளுக்கென்று செய்தது, 17 ஆண்டுகள் உழைத்தது. புயலின் கண்ணைச் சுற்றியுள்ள மேகச் சுவரில் சில இடங்களில் மழை 14.5 கி.மீ. உயரத்துக்கும் மேல் கோபுரமாக எழும்பி நிற்பதை அது காட்டியது. அப்படிக் கோபுரம் தெரிந்தால், அடுத்த 6 மணி நேரத்தில் அந்தப் புயல் வலுப்பெறும் வாய்ப்பு இரு மடங்கு என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்.

அந்த ரேடாருக்கு ஒரு குறை இருந்தது. 2 மி.மீ. துளி ஒன்று, 1 மி.மீ. துளிகள் 64 சேர்ந்து அனுப்பும் அளவுக்கு அலையைத் திருப்பி அனுப்பும். ஆனால், அதில் இருக்கும் தண்ணீரோ 8 சின்னத் துளிகளின் தண்ணீர்தான். சத்தத்தை மட்டும் கேட்டு மூட்டையின் எடையைச் சொல்கிற கதை. நாலு பெருந்துளி விழுந்தாலும் அடைமழைபோலத் தோன்றும். பொடித்தூறலாக நாள் முழுக்க நின்று பெய்தால் குறைவாகத் தோன்றும். 2014-ல் போன ‘ஜி.பி.எம்.’ செயற்கைக்கோளில் இரண்டு விதமான அலைகளை அனுப்பும் ரேடார் இருக்கிறது. பெரிய துளியிலும் சின்னத் துளியிலும் இந்த இரண்டும் வெவ்வேறு விதமாகப் பட்டுத் திரும்புவதால், துளியின் பருமனையே கணிக்க முடிகிறது.

ஆனாலும், இந்த ரேடார் 245 கி.மீ. அகலப் பட்டையைத்தான் ஒரு நேரத்தில் பார்க்கும். பூமியை ஒன்றரை மணி நேரத்தில் சுற்றினாலும் உங்கள் ஊருக்கு மேல் எப்போதும் இருக்காது. இடைவெளியை மற்ற நாடுகளின் செயற்கைக்கோள்கள் நிரப்புகின்றன. இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து 2011-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய ‘மேகா டிராபிக்ஸ்’ செயற்கைக்கோளின் தகவலும் இந்தக் கணக்குக்குப் பயன்பட்டது. எல்லாவற்றையும் ரேடாரின் அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்து, அரை மணிக்கு ஒரு மழைப் படம் தயாராகிறது.

அந்தப் படத்தின் ஒரு கட்டம் சுமார் 11 கி.மீ. நீளம், 11 கி.மீ. அகலம். ஏக்கரில் சொன்னால், ஏறக்குறைய 30,000 ஏக்கர்! அதற்குள் எங்கோ மழை கொட்டினாலும் கட்டம் முழுக்க ஒரே நிறம்தான். ஏரிக்கு அந்தப் பக்கம் பெய்து, இந்தப் பக்கம் பெய்யாத மழைக்கு அதில் இடமே இல்லை. போதாக்குறைக்கு, தரையில் பட்டுத் திரும்பும் அலையின் இரைச்சலால் கடைசி ஒன்றிரண்டு கி.மீ. உயரத்தில் நடப்பதைச் செயற்கைக்கோள் ரேடாரால் பார்க்க முடியாது. காற்று வறண்டிருந்தால், மேகத்திலிருந்து கிளம்பிய மழை பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். படத்தில் சிவப்பு, களத்தில் தூசி!

படம் கைக்கு வரவும் சுமார் 4 மணி நேரம் ஆகும். எனவே, மருந்து அடிப்பதா வேண்டாமா என்பதற்கு இது உதவாது. அதற்கு வானிலைத் துறையின் தரை ரேடார் படத்தைப் பார்க்க வேண்டும். செல்போன் செயலிகள் சிலவற்றில் காட்டுவது இரண்டுமே இல்லை, வெறும் கணிப்பு. கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பதைப் படித்துவிடுவது நல்லது. அணையின் நீர்பிடிப்புப் பகுதியில் நேற்று எவ்வளவு பெய்தது, ஆற்றில் எவ்வளவு வரும் என்பதற்குச் செயற்கைக்கோள் கணக்கு நன்றாகவே கைகொடுக்கும்.

சொந்த வயலுக்கு ஒரு மழைமானி போதும். அதில் 1 மி.மீ. காட்டினால், ஏக்கருக்கு சுமார் 4,000 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று கணக்கு. அது ஓடிப்போனதா, மண்ணில் இறங்கியதா என்பதை எந்த ரேடாரும் சொல்லாது. ‘ஒரு உழவு மழை’ என்று மண்ணைக் கிளறிப் பார்த்துச் சொல்கிற பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும்.