ட்ரோனின் பற்றரியும் திருமலை வெயிலும்

தமிழ் கற்பிப்பவனுக்குப் பற்றரியோடு என்ன அலுவல் என்று பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். காரணமுண்டு. விழா நிகழ்ச்சிகளை வானிலிருந்து படம்பிடிக்க முன்வந்த உயர்தர மாணவனொருவன், புதிய ட்ரோன் பற்றரியை எவ்வாறு பழக்குவதென என்னிடம் வினவினான். "மூன்று முறை முற்றாக வடியவிட்டு, இரவு முழுதும் மின்னேற்று" என்றேன். என் முதற் கைப்பேசியை வாங்கியபோது கடைக்காரர் ஓதிய பாடம் அது. சில கிழமைகளில் அப்பற்றரி தலையணைபோற் பருத்து, ஆசிரியர் அறையின் மரமேசைமீது கிடந்தது. தீப்பற்றாதது நம் நல்லூழே. அதன் பின்னரே யான் இப்பொருளைக் கற்கத் தொடங்கினேன்.

நான் சொன்ன முறை நிக்கற் கலங்களுக்கு உரியது. 1991 இல் விற்பனைக்கு வந்த இலிதியக் கலங்களின் இயல்பு வேறு. அவற்றைப் பழக்கும் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகின்றது. முதல் மின்னேற்றத்தின்போது காரீய முனையின்மேல் மெல்லிய காப்புப்படலமொன்று அங்கே உருவாகின்றது. நாம் வீட்டில் முற்றாக வடியவிடுவதாற் கேடன்றி நன்மையில்லை. நிறைந்த கலம் 4.2 வோல்ற்று, 3 வோல்ற்றுக்குக் கீழே மிக வடிந்தால் உள்ளிருக்கும் செப்புத்தகடு கரையத் தொடங்கும். முதற் சில பறப்புக்களை மென்மையாக நடத்தி, ஒவ்வொரு கலத்தின் வோல்ற்றளவையும் ஒப்புநோக்கினாற் போதும். குறையுள்ள கலம் அப்போதே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

வெம்மையே பெரும்பகை. இறங்கிய பற்றரி தன் உட்டடையாற் சூடேறியிருக்கும். பல உற்பத்தியாளர் மின்னேற்றத்துக்கு விதிக்கும் மேலெல்லை 40 பாகை செல்சியசு. கச்சான் வீசும் நாளில் நம் நகரத்து நண்பகலோ 35 பாகையை அணுகும். எஞ்சுவது ஐந்தே பாகை! பறந்துவந்த சூட்டோடு மின்னேற்றியில் இணைத்ததே அம்மாணவன் செய்த பிழை. என் பிழையோடு அதுவும் சேர்ந்தது. சூடு மிகின் மின்பகுபொருள் சிதைந்து வாயு தோன்றும், உறை பருக்கும். நிழலில் ஆறவிடுக. குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஈரம் படியும், அது வேண்டா.

இக்கவலை நம் துறைமுகத்துக்குப் புதிதன்று. 1944, 1945 ஆம் ஆண்டுகளிற் பிரித்தானிய நீர்மூழ்கிகள் இங்கிருந்து மலாக்கா நீரிணைவரை சென்றன. அவை இரவில் மேலெழுந்து, டீசற்பொறியால் ஈயவமிலப் பற்றரிகளுக்கு மின்னேற்றின. அப்போது ஐதரசன் வாயு வெளிப்படும்; காற்றோட்டம் தவறின் வெடிக்கும். மின்னேற்றும்போது விழித்திருப்பது அவர்கள் கடமையாயிருந்தது.

நமக்கும் அதுவே முறை. 5000 மில்லியம்பியர்-மணிப் பற்றரிக்கு 5 அம்பியர் மின்னோட்டம் தகும். ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் நிறையும். சீமெந்துத் தரையில் வைத்து, அருகிலிருந்து ஏற்றுக. மாரியிற் பறக்காத நாள்களில் நிறைத்து வைத்தல் தகாது, கலமொன்றுக்கு 3.8 வோல்ற்றளவிற் பேணுக. பருத்ததைக் குத்தவோ அமுக்கவோ மீண்டும் ஏற்றவோ கூடாது.

அம்மாணவன் இப்போது காலை எட்டு மணிக்கு முன்னரே பறப்பை முடித்துவிடுகின்றான். மின்னேற்றம் மாலையில், என் மேசையிலன்று, வெளிவிறாந்தையில்.